பச்சைக் கார் பின்னோக்கி உருண்டது குறித்து

இந்த வாக்குமூலத்தின் மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். எனக்குப் பதினேழு வயது ஆகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது, அது ஒரு காரணம். அம்மாவுக்கு முதுகு முடியாமல் போனது இன்னொரு காரணம். இப்போது பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். இருக்கைகளின் தோலைத் துடைத்து எண்ணெய் பூசுவதும், டாஷ்போர்டின் மரத்தை மெருகேற்றுவதும், வருகிறவர்களுக்குத் தேநீர் போடுவதும் என் வேலை. இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் பட்டறை மெக்கானிக் என் அப்பா. என் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

பட்டறை மேட்டில் இருக்கிறது. கொட்டகை வாசலிலிருந்து தெருக் கேட் வரைக்கும் முற்றம் சரிந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மூன்று பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத பச்சை நிற இங்கிலாந்துக் கார் அவருடையது. இன்னொருவர் பேருந்துக் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே அடுத்து எந்தப் பாகம் போகும் என்று சொல்லுவதால் அவரை ஜோசியர் என்பார்கள். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர். எந்தக் காரைப் பற்றிப் பேசினாலும் முதலில் “அது வேகத்தடையில ஏறி இறங்குமா?” என்று கேட்பதால் அவருக்கு வேகத்தடை என்றே பெயர். நான் அதிகம் பேசாததால் மூவரும் என்னை சைலன்சர் என்று கூப்பிடுவார்கள். நான் அதற்குக் கோபப்பட்டதில்லை.

இந்த மாதிரிக் காரை வைத்திருப்பது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா என்பதுதான் அவர்களுடைய பேச்சு. நான் வேலைக்கு வந்ததிலிருந்து அதையேதான் பேசுகிறார்கள்.

“மழையிலயே பொறந்து வளர்ந்தவன் இங்கிலாந்துக்காரன். அவன் செஞ்ச வண்டிக்கு மட்டும் ஏன்யா நாலு தூறல் விழுந்தா லைட்டு அணைஞ்சு போகுது?” என்று ஜோசியர் ஆரம்பிப்பார்.

“லைட்டு எதுக்குய்யா? அந்த வண்டி மூக்கப் பாரு. இருட்டுலயும் தெரியும்” என்பார் டாக்டர்.

“அழகு சோறு போடுமா டாக்டர்? ரெண்டு பேர் உக்காந்தா மூணாவதா ஒரு குடை வைக்க இடமில்ல. ஒரு போல்ட்டு போனா கப்பல்ல வரணும்” என்பார் வேகத்தடை.

“அது வர்றதுக்குள்ள அடுத்த போல்ட்டு போயிருக்கும். கப்பல்காரன் பொழைக்கணும்ல” என்பார் ஜோசியர்.

“கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, வேகத்தடையில ஏறி இறங்குமான்னா கேட்டே?” என்று டாக்டர் கேட்டால், “கேட்டிருக்கணும்” என்று வேகத்தடை சொல்லுவார். காருக்கு அடியில் படுத்திருக்கும் அப்பா அங்கிருந்தபடியே சிரிப்பார். கொஞ்ச காலமாக அப்பா சிரிப்பதில்லை. சத்தம் வராவிட்டால் தூங்கிவிட்டாரோ என்று நான் குனிந்து பார்ப்பேன். சில முறை தூங்கிப்போயும் இருக்கிறார்.

வேகத்தடை மிகவும் ஜாக்கிரதையானவர். தன் காரை நிறுத்திவிட்டு இறங்குமுன் கைப்பிரேக்கை இன்னொரு தடவை மேலே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். யாருடைய காரில் போனாலும் அப்படித்தான். “வீட்டு சோபாலேர்ந்து எந்திரிச்சாக்கூட ஒரு இழு இழுத்துட்டுத்தான் எந்திரிப்பான்” என்று ஜோசியர் கிண்டல் செய்வதை நான் கேட்டிருக்கிறேன்.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்ததும் காரை விற்கப்போவதாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. “வண்டி நல்லாத்தான்யா இருக்கு. என் முட்டிக்குத்தான் ஸ்பேர் கிடைக்கல. உள்ள இறங்கிடறேன், வெளிய வர ரெண்டு ஆள் வேணும்” என்றார். கடைசியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஜோசியர் ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வேகத்தடை அன்று வேகத்தடையைப் பற்றிக் கேட்கவில்லை. காரின் கதவு ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு அப்பா காரைக் கொட்டகை வாசலுக்கு ஓட்டி வந்து, முகப்பு கொட்டகையைப் பார்க்கவும் பின்பக்கம் கேட்டைப் பார்க்கவும் நிறுத்தினார். முந்தைய நாள் முழுவதும் அந்தக் காரின் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு வேலை செய்திருந்ததால் அவர் கண்கள் சிவந்திருந்தன. இன்ஜின் சூடாக வேண்டும் என்பதற்காக கியர் போடாமல் ஓடவிட்டார். கைப்பிரேக்கை மேலே இழுத்து, அதன் தலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார், அன்றும் செய்ததை நான் பார்த்தேன். அந்தப் பிடியைத் தொடவே கூடாது என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அதன்பிறகு இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தார். பின்பு கை கழுவுவதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் போனார். டாக்டரும் ஜோசியரும் கொட்டகையை ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வந்து, காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வேகத்தடை வந்தார். அறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, “சைலன்சர், நான் கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுமா?” என்று கேட்டார். அந்தப் பட்டறையில் என்னிடம் அனுமதி கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் தலையாட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, நீளமான முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனையோ வருஷமா இதைத் திட்டிட்டே இருக்கேன். திட்டறதுக்காவது பக்கத்துல வரலாமேன்னுதான்” என்றார். பிறகு, “டாக்டர்கிட்ட நானே வாங்கிக்கறேன்னு கேட்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. போல்ட்டு கப்பல்ல வருதோ இல்லையோ, என் மானம் கப்பலேறிடும்” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு அவர் கைப்பிரேக்கைப் பிடித்து, இறுகியிருக்கிறதா என்று மேலே ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். இழுத்த கையை விட்டுவிட்டு, அறையிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே கதவைப் பிடித்து எழுந்து வெளியே போனார். அவர் இறங்கும்போது கார் லேசாகப் பின்னால் அசைந்தது. கனத்த உடம்பு இறங்கியதால் அசைகிறது என்று நினைத்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போனார். நானும் இருக்கையை முடித்துவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதன்பிறகு மூவரும் முற்றத்துக்கு வந்தார்கள். அப்பாவும் வந்தார். ஓட்டப் போகும் முன்பு காருக்குப் பின்னால் போய்க் குனிந்து புகைக்குழாயின் சத்தத்தைக் கேட்பது டாக்டரின் வழக்கம். அதைப் பாட்டு கேட்பது என்று சொல்லுவார். அன்றும் போய்க் குனிந்து நின்றார். “எடுப்பா கட்டைய. இவ பாடறதக் கடைசியா ஒருவாட்டி கேட்டுட்டு வந்து ஏறிக்கறேன்” என்றார். அவர் பின்னால் நிற்கும்போதே கட்டையை எடுப்பது அவர்களுக்குப் பழக்கம்தான். பிரேக் பிடித்திருக்கும், கார் நகராது. அன்று கட்டை உடனே வரவில்லை. அப்பா குதிகாலால் உதைத்தார். “என்ன, இப்படி இறுகிக் கெடக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி உதைத்தார். கட்டை வந்துவிட்டது.

கார் பின்னோக்கி உருண்டது. டாக்டரால் சட்டென்று நிமிர முடியவில்லை. அப்பா கதவுக்கு மேலாகப் பாய்ந்து உள்ளே விழுந்து பிரேக்கை இழுத்தார். அதற்குள் கார் டாக்டரைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட் தூணில் மோதி நின்றுவிட்டது. ஜோசியரும் வேகத்தடையும் சேர்ந்து காரை முன்னால் தள்ளினார்கள். அப்பா பிரேக்கின் தலையை அழுத்திவிட்டு இறங்கி ஓடினார். டாக்டரின் வலது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. சட்டைப்பையில் இருந்த கண்ணாடி உடையவில்லை. அவர் கண்ணைத் திறந்து, “வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

அதன்பிறகு டாக்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரின் மகன் புகார் கொடுத்தார். காவலர்கள் வந்து பார்த்தபோது பிரேக் போட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு அப்பா அதைப் போட்டதை எல்லோரும் பார்த்ததால், முன்பு போடவில்லை என்று முடிவு செய்தார்கள். மறுநாள் நானும் அம்மாவும் அப்பாவைப் பார்க்கப் போனோம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“போட்டேன்னுதான் நெனைக்கிறேன்மா. தினமும் போடறதால, கையில இருக்கற ஞாபகம் அன்னைக்குப் போட்டதா, முந்தின நாள் போட்டதான்னு தெரியல. கட்டை இறுகிக் கெடந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உடம்பு அவ்வளவு அசதி. மறந்திருக்கலாம்னு சொல்லிட்டேன். சொல்லிட்டா விட்டுடுவாங்க, கொஞ்சம் படுக்கலாம்னு இருந்துச்சு” என்றார்.

அம்மா அவரைத் திட்டவில்லை.

அன்று மாலை வேகத்தடை எங்கள் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். வக்கீலிடம் தானே பேசுவதாகச் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் கவனமான ஆளும்மா. ஏதோ அசதில விட்டுட்டாரு. யாருக்கும் வர்றதுதான்” என்று அம்மாவிடம் சொன்னார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நம்பினார். நானும் அப்போது ஒன்றையும் தொடர்புபடுத்தி யோசிக்கவில்லை. அவர் காரில் உட்கார்ந்தது அவருடைய ஆசை சம்பந்தப்பட்ட விஷயம், சொல்லமாட்டேன் என்று தலையாட்டியிருந்தேன், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

இன்று காலை விசாரணை அதிகாரி ஐயா காரைப் பார்வையிட வந்தார். விவரம் கேட்பதற்காக ஜோசியரையும் வரச்சொல்லியிருந்தார்கள். கொட்டகையைத் திறந்துவிட நான் போயிருந்தேன். கார் அதே சரிவில் நின்றது. பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்திருந்தது. ஐயா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். இறங்கும் முன்பு, “பிரேக் சரியாத்தான பிடிக்குது?” என்று கேட்டுக்கொண்டே பிடியை மேலே இழுத்துவிட்டுக் கையை எடுத்தார். பிடி கீழே போய்விட்டது. கார் லேசாகப் பின்னால் அசைந்து கட்டையில் சாய்ந்தது. அந்த அசைவு எனக்குத் தெரிந்த அசைவு. ஐயா இன்னும் இறங்கியிருக்கவில்லை.

நான் முதன்முறையாக ஐயாவிடம் பேசினேன். “அதை மறுபடி போட்டுப் பாருங்க ஐயா” என்றேன். அவர் இழுத்தார், நிற்கவில்லை. திரும்பவும் இழுத்தார், நிற்கவில்லை. ஜோசியர் பக்கத்தில் வந்து, “இழுத்துட்டுத் தலைய அழுத்தினாத்தான் நிக்கும் சார். நின்னதுக்கப்புறம் இன்னொருவாட்டி இழுத்தா விட்டுடும். மத்த வண்டிக்கு நேர் எதிர். பந்தயத்துல சட்டுனு கிளம்பறதுக்காகப் பண்ணின ஏற்பாடு” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் முகம் மாறிப்போனது. என்னைப் பார்த்து, “அன்னைக்கு இதுல யாரும்மா உக்காந்தா?” என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தேன்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஐயா கேட்டதற்கு, எனக்கு இன்று காலையில்தான் புரிந்தது என்று சொல்லுகிறேன். மருந்துக்கடைக்காரர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. தான் செய்தது இன்னதென்று அவருக்கு இன்னும் தெரியாது. அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டரின் கால் தப்புமா என்று ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் இதைச் சொல்லும்போது, சொன்னது நான்தான் என்றும் சொல்லிவிடலாம். மறைக்க வேண்டாம்.

என் அப்பா பிரேக் போட மறக்கவில்லை. மறந்திருக்கலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தாலும் மறக்கவில்லை.

இவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, என்னைப் பயமுறுத்தவும் இல்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் பிரேக்கை விடுவித்தார் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. பிரேக் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார் என மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது எல்லாம் உண்மையாக இருக்கிறது.

(கையொப்பம்)

உடனிருந்த தாயார் (கைரேகை)