குட்டை மேடை

எமல்டா: அந்த மூலையை விட்டுட்டீங்க.

ஆரோக்கியராஜ்: தேய்ச்சாச்சு எமல்டா. அது பிசுக்கு இல்ல, டைல்ஸோட கலரே அதான்.

எமல்டா: இருபத்தாறு வருஷமா இங்க சமைக்கிறவளுக்குத் தெரியாதா? தேய்ங்க. பதினோரு மணிக்கு வீடு பார்க்க வர்றாங்க. பாலக்கரைல இப்படி ஒரு அடுப்படி பார்த்ததில்லன்னு சொல்லணும்.

ஆரோக்கியராஜ்: சொல்லுவாங்க. ஆனா புரோக்கர் தைரியராஜ் ஒண்ணு சொன்னாப்ல...

எமல்டா: என்னவாம்?

ஆரோக்கியராஜ்: அடுப்பு மேடை குட்டையா இருக்காம். வர்றவங்க சிரிப்பாங்களாம். உடைச்சு, எல்லார் வீட்டு உயரத்துக்கும் ஏத்திட்டா வீடு சீக்கிரம் போகுமாம்.

எமல்டா: சிரிக்கட்டும். இந்த மேடை முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்துதான் நம்ம பொண்ணு சர்ச்ல புதுநன்மை வாங்கின அன்னிக்கு அறுபது பேருக்குப் பிரியாணி ஆக்கினேன்.

ஆரோக்கியராஜ்: அதுல நாலு பேர் சாப்பாடு உங்க அண்ணனுக்கே போச்சு.

எமல்டா: எங்க அண்ணனை விடுங்க. போலியோ காலை வெச்சுக்கிட்டு இவ என்னத்த ஆக்கப் போறான்னு கேட்ட உங்க அம்மா, மூணாவது தடவை தட்டை நீட்டினாங்களே...

ஆரோக்கியராஜ்: நீட்டினாங்க, நீட்டினாங்க. அந்தப் பெருமைல எனக்கும் பங்கு இருக்கு. மேடை கட்டினது யாரு? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர்.

எமல்டா: முதல் தடவை தப்பாக் கட்டின ஃபிட்டர்.

ஆரோக்கியராஜ்: நீ ஸ்டூல் மேல தலைகாணி போட்டு உக்காந்திருந்த. அதோட சேர்த்து அளந்துட்டேன்.

எமல்டா: கல்யாணமாகி நாலு நாள். குட்டையாத் தெரிவேனேன்னு போட்டுக்கிட்டேன்.

ஆரோக்கியராஜ்: உடைச்சுட்டு மறுபடி கட்டினேன்ல? உன் முழங்கைக்குக் கீழ குச்சியை நிறுத்தி, வெட்டி... சரியா இருபத்தெட்டு இஞ்ச்.

எமல்டா: அந்தக் குச்சி இன்னும் கதவுக்குப் பின்னாலதான் நிக்குது.

ஆரோக்கியராஜ்: நிக்கட்டும்... ஆமா, என் டூல் பாக்ஸ்ல அறுக்கிற ஹேக்ஸா பிளேடு ஏன் மழுங்கிக் கிடக்கு?

எமல்டா: எனக்கென்ன தெரியும்? பேச்சை மாத்தாதீங்க. மேடையை உடைக்கக் கொத்தனார் எப்ப வர்றாரு?

ஆரோக்கியராஜ்: வரச் சொல்லல.

எமல்டா: ஏன்?

ஆரோக்கியராஜ்: நான் கட்டினதை நான் உடைக்க மாட்டேன். வாங்கறவங்க அவங்க இஷ்டத்துக்குப் பண்ணிக்கட்டும். யாராச்சும் சிரிச்சா, யாருக்காகக் கட்டினேன்னு நானே நிறுத்திச் சொல்லுவேன்.

எமல்டா: இங்க சரி. மாடிப்படி ஏற முடியலன்னுதான் காட்டூர்ல கீழ்வீடு வாங்கினோம். அங்க மேடை என் கழுத்து வரைக்கும் நிக்குதே. ஆள் வெச்சா சமைக்கணும்? என் அடுப்படில இன்னொருத்தி கரண்டி பிடிக்கிறதை நான் பார்க்கணுமா?

ஆரோக்கியராஜ்: அது வந்து... பத்து நாளா சாயங்காலம் வாக்கிங் போறேன்னு போனேன்ல...

எமல்டா: நகத்துல சிமெண்ட் தூளோட வந்தீங்களே, அந்த வாக்கிங்கா?

ஆரோக்கியராஜ்: பார்த்துட்டியா?

எமல்டா: நீங்க சொல்லி முடிங்க.

ஆரோக்கியராஜ்: அங்க இருந்த மேடையை உடைச்சு, புதுசாக் கட்டி முடிச்சாச்சு. ஆள் வெக்கல, நானே கட்டினேன். நம்ம குச்சியை எடுத்துட்டுப் போயி, அதே அளவு. ஆனா ஒண்ணுதான் புரியல... கட்டி முடிச்சுட்டு டேப் வெச்சா இருபத்தேழுதான் காட்டுது. முப்பது வருஷம் அளந்த கை, எங்க தப்புச்சுன்னே தெரியல. வயசாயிடுச்சோ என்னமோ.

எமல்டா: உங்க கை தப்பலிங்க. எனக்குத்தான் தோள்பட்டை வலி, முன்ன மாதிரி கையைத் தூக்க முடியல. நீங்க முதல் நாள் தூளோட வந்த அன்னிக்கே, உங்க பிளேடை எடுத்துக் குச்சில ஒரு இஞ்ச் அறுத்துட்டு, அதே இடத்துல நிறுத்திட்டேன். இந்த மேடையாச்சும் முதல் தடவையே எனக்குச் சரியா அமையட்டும்னுதான்.