நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

“எம் பையனைக் கொலைகாரன்னு எவ சொன்னது? வாசலுக்கு வரச் சொல்லுங்க!” என்று பக்கத்து ஊட்டு சாரதாமணியக்கா தெருவையே இரண்டாக்கிக்கொண்டிருந்தபோது, நான் மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். நல்ல வெயிலை வீணாக்கக் கூடாது.

“கமலா, உங்காதுல ஏதாச்சும் விழுந்துச்சா?” என்று அண்ணாந்து கேட்டார்.

“இல்லீங்கக்கா.”

உண்மைதான். காதில் விழவில்லை, என் ஊட்டிலிருந்துதான் கிளம்பியது.

அவர் மகன் கதிர்வேல் எழுத்தாளன். முதலில் மாரியம்மன் நோம்பிக்கு நாடகம், பிறகு நாவல், இப்போது சினிமாவுக்கு வசனம். மூன்றிலும் ஊர்வம்பு பேசும் ஒருத்தி வருவாள், மூக்குக் கண்ணாடியைப் பனியன் நூலில் கட்டித் தொங்கவிட்டபடி. இந்தத் தெருவில் அப்படிக் கட்டியிருப்பது நான் ஒருத்திதான். பல்லடம் தியேட்டரில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கோபமில்லை. டைட்டிலில் என் பெயரைத் தேடினேன், அவ்வளவுதான்.

அவன் மனைவி செத்து நாலு வருஷம். மறுகல்யாணத்துக்குக் குண்டடத்துப் பெண் தேஜஸ்ரீயைப் பேசினார்கள். அவளே ஆசைப்பட்ட மாப்பிள்ளை. ஆனாலும் பக்கத்து ஊட்டில் விசாரிக்காமல் நம் பக்கம் யார் மாப்பிள்ளை ஊட்டில் கை நனைப்பார்கள்? பெண்ணின் அப்பா ஆத்தப்பன் என்னிடம் வந்தார்.

“மொத சம்சாரம் எதுலீங்க தவறுனாங்க?”

காபி கொடுத்தேன். “எனக்கென்னங்க தெரியும்? எல்லாத்தையும் அவரே எழுதியிருக்காருங்க” என்று நாவலையும் கொடுத்தேன், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை மடித்து. ‘நான்தான் என் மனைவியைக் கிணற்றில் தள்ளினேன்’ என்று கதை சொல்பவன் ஒப்புக்கொள்ளும் பக்கம். ஆத்தப்பன் இரண்டுமுறை படித்தார். காபியில் ஆடை படிந்தது. வேறு யாரிடமும் அவர் கேட்கவில்லை; அச்சிலேயே இருக்கிறதே.

கதிர்வேலின் மனைவி மஞ்சள் காமாலையில்தான் போனாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றியது நான்தான். அதைச் சொல்லியிருக்கலாம். அப்புறம் நாவலை யார் படிப்பார்கள்?

தேஜஸ்ரீயைத் தாராபுரத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முகூர்த்தம் முடியும்வரை அழுதாளாம். கதிர்வேல் சென்னைக்கே போய்விட்டான். இப்போது ஒரு வரிகூட எழுதுவதில்லை என்கிறார்கள்.

என் மகள் கோமளாவைப் பற்றி விசாரிக்கச் சாமளாபுரத்துக்காரர்கள் வந்தபோது, “தங்கமான புள்ளைங்க. அவங்கம்மா எம் மருமகளைக் கூட இருந்து பார்த்தவங்க” என்றாராம் சாரதாமணியக்கா. கல்யாணம் நடந்தது, அவளும் புருஷன் ஊட்டுக்குப் போய்விட்டாள்.

பாவம் அக்கா, கற்பனையே கிடையாது. மகனுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று தெருவுக்கே தெரியும். அவன்தான் கடைசிவரை டைட்டிலில்கூட ஒப்புக்கொள்ளவில்லை.