நாய்க்கு மட்டும் சோறு

திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போகும் மத்தியானப் பேருந்து. ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். முன் இருக்கையில் மருந்துப் பையை மடியில் வைத்திருந்த பெண் சொன்னதைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

“சப்பாத்தி போட ஆரம்பிச்சதுலேருந்து எங்க வீட்டு நாய் என்னய முறைக்குது.”

“நாய்க்கு எதுக்குக்கா சப்பாத்தி?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“வீட்டுக்காரருக்கு சுகர் ஏறிப்போச்சு. டாக்டர் சோத்த நிறுத்துங்கன்னுட்டாரு. அவர வச்சுக்கிட்டு நாம மட்டும் எப்படித் திங்கிறதுன்னு வீட்டுல சோறே ஆக்குறதில்ல. நமக்கு என்னவோ அதானே நாய்க்கும்?”

“சாப்பிடலயா?”

“மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். போற வர்றவங்க மேலல்லாம் பாயுது. பால்காரர் வேட்டியக் கிழிச்சுடுச்சு.”

“அய்யய்யோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன? அதுக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வடிச்சு, ரசம் ஊத்திப் போட்டேன். ரெண்டே நாள். வாலாட்டிக்கிட்டுக் காலச் சுத்திச் சுத்தி வருது.”

கேட்டவர் சிரித்தார். சொன்னவர் சிரிக்கவில்லை. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்றைப் பேருந்து தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா எப்படிக்கா இருக்காங்க?”

“சுகர் கொறைஞ்சிருக்கு. அஞ்சு ஏக்கர் நெல்லு போடுற மனுஷன். நாய்க்குச் சோறு வைக்கிற நேரத்துக்குச் சரியா கொல்லப்பக்கம் வந்துடுறாரு. அது தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே குந்திப் பாத்துக்கிட்டிருக்காரு. நான் உள்ள போயிடுவேன்.”