செவுள் உதிராத ஸ்தானா

நான் மீன் சாப்பிடுவதில்லை. ஆடு மேய்க்கும் மிலெவா ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த டிரவுட் அது; நீங்கள் சாப்பிடுங்கள், தம்பி. மலையேறி வந்த களைப்பு இருக்கும். ஓர்லோவோ ஏரியில் மீனை விட்டது யார் என்று கேட்கத்தானே உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? சொல்கிறேன்.

முன்பு அந்தச் சின்ன ஏரியில் மீனே கிடையாது. நீர்ப்பல்லிகள்தான். மற்ற இடங்களில் அவை வளர்ந்ததும் செவுளை உதிர்த்துவிட்டுக் கரையேறிவிடும். இங்கே கழுத்தோரம் இறகு போன்ற செவுளோடு, ஆயுசு முழுக்கத் தண்ணீரிலேயே குழந்தைகளாக இருந்தன. புது இனம் என்று எழுதியது நான்தான். எங்கள் தொழிலில் சொந்தப் பெயரை வைத்துக்கொள்வது கேவலம். மகள் பெயரை வைக்கலாம். என் மகள் ஸ்தானாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த வருஷம் அது; அவள் பெயரையே வைத்தேன்.

முதலில் அச்சேறிய பெயர் என்றைக்கும் நிற்கும். அந்தப் பிராணி ஏற்கெனவே பெயருள்ள இனம்தான் என்று யாராவது நிரூபித்தால் மட்டும் செத்துப்போகும்.

ஓக்னியென் என்னோடு படித்தவன். அருங்காட்சியகத்தில் பக்கத்து மேசை. பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டே ஒருநாள் சொன்னான்.

“வியெரா, கோவிச்சுக்காதே. உன் ஸ்தானாவைத் தொட்டியில போட்டு, தண்ணியைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். செவுள் உதிர்ந்துடுச்சு. பார்த்தா நம்ம சாதாரண ஆல்ப்ஸ் பல்லிதான்.”

“ஒண்ணை வச்சு எழுதிடுவியா?”

“அவ்வளவு அவசரக்குடுக்கையாடி நான்? வர்ற குளிர்காலம் போகட்டும். கூடை நிறையப் பிடிச்சுட்டு வந்து பார்க்கிறேன். நான் சொன்னது தப்புன்னா உனக்கு ஒரு ஆடு சுட்டுப் போடறேன்.”

நியாயமானவன். அதனால்தான் எனக்கு அவகாசம் கிடைத்தது.

பனி விழுமுன், கைநீள டிரவுட்களைப் பால் கேன்களில் நிரப்பிக் குதிரைமேல் ஏற்றிப் போனேன். அந்தப் பல்லிகள் மீனைக் கண்டதில்லை, விலகக்கூட இல்லை. பிறகு ஏரி உறைந்தது. குளிர்காலம் முழுக்க ஒரே மூடிக்கு அடியில் அவையும் மீன்களும்.

வசந்தத்தில் ஓக்னியென் வலையை வீசி வீசிப் பார்த்தான். கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மேட்டிலிருந்து மிலெவா சத்தம் போட்டாள்.

“டாக்டரம்மா, மீன் துள்ளுது பாருங்க! எந்தப் புண்ணியவான் விட்டானோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!”

ஓக்னியென் கரையில் உட்கார்ந்து அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் எழுதவே இல்லை. பெயர் நின்றது.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை, தம்பி. ஒன்றை மட்டும் முன்பே எடுத்துவந்து வீட்டில் புழு ஊட்டி வளர்த்தேன். அந்தக் கோடையில் தொட்டித் தண்ணீர் வற்றியதை நான் கவனிக்கவில்லை. ஒரு காலையில் பார்த்தால் செவுள் சுருங்கிக் கிடந்தது. தலையைத் தூக்கி, விளிம்பில் ஒரு கையை வைத்திருந்தது.

அதோ, அலமாரியில் அந்த ஸ்பிரிட் ஜாடி. கொன்றேன் என்று எழுதாதீர்கள். ஸ்தானாவாக இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டேன்.