நன்றாகச் சாப்பிடுகிற பாம்பு

முதன்முதலாகப் பாம்பு வளர்க்க வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சோளப் பாம்பைத்தான் சொல்வேன். சாது. கைக்கு அடக்கம். போட்டதைத் தின்னும். வீட்டில் சூடு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நாளைக்கு நீங்களே ஒரு பாம்பு வேண்டும் என்று வந்து நின்றாலும், டெபுடி, அதைத்தான் கொடுப்பேன்.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து நீங்கள் வந்தது வேறு விஷயமாக என்பது தெரியும். ஓரின் ஹாஸ்கல் வீட்டில் இருந்த பாம்பை அவருடைய தங்கை வேண்டாம் என்கிறாராம், நான் திருப்பி எடுத்துக்கொள்வேனா என்று கேட்டீர்கள். எடுத்துக்கொள்கிறேன். துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, வண்டியில் ஹீட்டரும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள், நல்ல மனசு உங்களுக்கு. அவசரமில்லை என்றால் உட்காருங்கள், காபி இருக்கிறது. அவர் எப்படி இறந்தார் என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஐஸ் மழை, மின்சாரம் இல்லை, தனியாக இருந்த வயசாளி, குளிர். எல்லாம் சரிதான். அதில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது.

இந்த மிசூரியில் பாம்பு வளர்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் வெர்னா ஸ்ட்ரௌட் என்று என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். காட்டில் பிடித்ததை நான் விற்றதில்லை. சீக்குப் பிடித்ததை விற்றதில்லை. வாங்க வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்க ஆரம்பித்துவிடுவேன். பெட்டி எவ்வளவு பெரிது, வீட்டில் பூனை உண்டா, நீங்கள் வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். பதில் பிடிக்காவிட்டால் கொடுக்க மாட்டேன். பாம்புக் கண்காட்சியில் என் பக்கத்து மேசையில் பாம்புத் தீனிக்கு எலி விற்கிற லானி இதை வைத்தே என்னை ஓட்டுவான். "வெர்னாகிட்ட பாம்பு வாங்கறதுக்கு நாலு வீட்ல பொண்ணு கேட்டுட்டு வந்துரலாம்யா. அங்ககூட இவ்ளோ நோண்டி நோண்டிக் கேக்க மாட்டாங்க."

இப்படி ஒழுங்காகத் தொழில் பண்ணுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல பாம்பைக் கொடுத்தால் வாங்கியவர் திரும்பி வருவதில்லை. எதற்கு வரப்போகிறார்? அது தின்கிறது, தோலுரிக்கிறது, தன் பாட்டுக்கு வளர்கிறது. முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்புவார்கள், பாம்பின் தலையில் சின்னதாக ஒரு சிவப்புத் தொப்பியை வைத்து. அடுத்த வருஷம் அதுவும் வராது. என் கணவர் டுவைட் இன்னொருத்தியோடு டல்சாவுக்குப் போன பிறகு இந்த வீட்டில் ஃபோன் அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. புகார் சொல்லவாவது ஒருத்தர் கூப்பிட மாட்டாரா என்று இருக்கும். என் பாம்புகளைப் பற்றி யாருக்கும் புகார் இருந்ததில்லை.

ஓரின் போன மார்ச்சில் கண்காட்சிக்கு வந்தார். பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் பண்ணி ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சர்ச்சுக்குள் வந்தவர் மாதிரி மேசை மேசையாக நின்று பார்த்தார். அவருடைய மனைவி மார்லிஸ் வருஷக்கணக்காக ஒரு போவா வளர்த்திருக்கிறார். மார்லிஸ் இறந்தார், பின்னாலேயே அந்தப் பாம்பும் மூப்பில் இறந்தது. காலிப் பெட்டியைப் பார்க்க முடியவில்லை, புதிதாக ஒன்று வேண்டும், எந்த ஜாதி என்று தெரியவில்லை என்றார். லானி சும்மா இருக்க மாட்டானே. "பேசாம ஒரு நாய வாங்குங்க சார்" என்றான். ஓரின் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "நாய் மூஞ்சியப் பாத்துக் கேக்கும், தம்பி, அவ எங்கன்னு. பாம்பு கேக்காது."

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். முட்டையிலிருந்து நீங்கள் வளர்த்ததா, தாய் தகப்பனைப் பார்க்கலாமா, தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கலாமா. விவரமானவர்கள் கேட்கிற கேள்விகள் அவை. அடுத்த வாரம் வீட்டுக்கே வரச் சொன்னேன். வந்தார், கையில் பீச் பழம் வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தோடு. கடையில் வாங்கியது, விலைச்சீட்டைச் சுரண்டிப் பார்த்துப் பாதியில் விட்டிருந்தார். இந்த மேசையில்தான் உட்கார்ந்தோம். நீங்கள் இருக்கிற நாற்காலி.

அன்றைக்குத்தான் மார்லிஸின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னார். வயிற்றில் புற்று. சாப்பாடே இறங்கவில்லை. இவர் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவார், கோழி சூப் வைப்பார், ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். அந்தம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம். "நர்ஸ் குடுத்தா ரெண்டு வாய் வாங்குவா வெர்னா. என் கையால வாங்கவே இல்ல. கடைசி வரைக்கும் வாயத் திறக்கல." அழவில்லை. மேசை மேல் சிந்தியிருந்த துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டே சொன்னார். "கலர் எதா இருந்தாலும் பரவால்ல. நல்லா சாப்பிடற பாம்பா குடுங்க. அது போதும் எனக்கு."

அவருக்குச் சோளப் பாம்புதான் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். ஒரு நல்ல ஆணை எடுத்துத் தனியாகவும் வைத்திருந்தேன். காட்டினேன். அவருக்கும் பிடித்துப்போயிற்று. அதைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தார். "அப்ப இனிமே உங்கள தொந்தரவு பண்ற வேலையே இருக்காது, என்ன பாம்புக்காரம்மா?" என்றார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குப் பகீரென்றது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன், நீங்கள் இப்போது கொண்டுவந்திருக்கிற இந்தப் பெண்ணை எடுத்துவந்தேன்.

இது பந்துப் பாம்பு. சின்ன ஜாதி மலைப்பாம்பு, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். இந்த ஜாதியில் சிலதுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குட்டியில் எந்தத் தீனியில் பழகியதோ அதைத் தவிர வேறு எதையும் தொடாது. இவள் பழகியது ஆப்பிரிக்க எலியில், பழுப்பாக இருக்கும், வாசனை வேறு. கடையில் கிடைக்கிற வெள்ளெலியை மூக்குக்கு நேராகக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாற்றுவதற்கு எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டு, இவளை யாருக்கும் விற்பதில்லை என்று வைத்திருந்தேன்.

அவர் முன்னால் ஒரு எலியைக் கொடுத்தேன். சடக்கென்று பிடித்தாள். "அம்மாடி" என்று பின்னால் நகர்ந்தார், கண் பூரா சந்தோஷம். "பழுப்பா இருக்கே?" என்றும் கேட்டார், ஒன்றையும் விட மாட்டார்.

"எலின்னா எலிதான். உங்க ஊர்க் கடைல வெள்ளை கிடைக்கும், அதையே போடுங்க" என்றேன்.

தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

ஏப்ரலில் ஃபோன் வர ஆரம்பித்தது. சாப்பிடவில்லை. புது இடம், பழகட்டும் என்றேன். மறுபடி வந்தது. எலியை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தாராம், பெட்டியை மூடிப் பார்த்தாராம், விளக்கை அணைத்துப் பார்த்தாராம். பிறகு தினமும் வந்தது. ஃபோன் அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே கிளம்பிப் போனேன், கோட்டின் உள்பையில் ஒரு ஆப்பிரிக்க எலியோடு. அவர் முதுகைத் திருப்பித் தண்ணீர் எடுக்கப் போனபோது வெளியே எடுத்தேன். அவர் திரும்பி வந்தபோது வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

ஓரின் அந்தப் பெட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "உங்க கைராசி வெர்னா" என்றார். "என் கையால யாரும் சாப்பிட மாட்டாங்க."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோடையை நான் மறைக்க விரும்பவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோடை வந்ததில்லை. சனிக்கிழமைதோறும் போவேன். நான் சமைப்பேன், அவர் ரேடியோவில் பேஸ்பால் வைத்துவிட்டு என் வண்டியின் பிரேக்கைப் பார்ப்பார். பாம்புக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் கொடுக்க மாட்டேன். சில வாரம் எலியில்லாமல் போய், எனக்கும் சாப்பிட மாட்டேன்கிறாள் என்று உதட்டைப் பிதுக்குவேன். இல்லாவிட்டால் அவருக்குத் தைரியம் வந்துவிடும். அது இளைத்தது, ஆனால் நான் சாகவிடவில்லை. அளவு தெரிந்துதான் செய்தேன்.

இலையுதிர்காலத்தில் லானி கூப்பிட்டான். "உன் ஆளு வந்திருந்தாருடி. எலி எலியா வாங்கிட்டுப் போறாரு பாவம். ஒரு தடவ ஆப்பிரிக்க எலி போட்டுப் பாருங்கன்னு சொல்லவா?"

"உன் வேலையப் பாரு. அந்தப் பாம்பப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றேன். என் பேச்சுக்கு இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. அவன் சொல்லவில்லை.

ஓரின் தட்டை நகர்த்திவைக்க ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் ரொட்டியை மிச்சம் வைத்தார், பிறகு கறியை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். என்ன இது என்றால், "அது பட்டினி கிடக்கறப்ப எனக்கு எப்படி இறங்கும்?" என்பார். நான் இன்னும் நிறைய சமைத்துக்கொண்டு போனேன்.

நவம்பரில், நன்றி கூறும் பண்டிகையன்று நாங்கள் இரண்டு பேர் மட்டும் வான்கோழி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு துண்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "வெர்னா, இந்தப் பாம்ப நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. உங்ககிட்ட இருந்தா பொழைச்சுக்கும். இன்னொருத்தர் என் கண்ணு முன்னால வாயமூடிட்டு சாகறத என்னால பாக்க முடியாது." முகம் சிவக்க இன்னொன்றும் சொன்னார். "பாம்பு இல்லேன்னாலும் நீங்க எப்பவும்போல வரலாம். நான் அதையும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

இதைக் கேட்பதற்குத்தான் நான் காத்திருந்தேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று தோன்றிவிட்டது. டுவைட்கூட போகிற வாரம்வரை என்னிடம் நன்றாகத்தான் பேசினார். மனிதர்களுக்குச் சும்மா வந்துபோகிற ஒருத்தி எத்தனை நாளுக்கு வேண்டியிருக்கும்? தேவை என்று ஒன்று இருந்தால்தான் கதவு திறக்கும். "பாதில கைவிடக் கூடாது ஓரின். மார்லிஸ் இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்றேன். அந்தப் பெயரைச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார் என்று தெரியும். சரி என்று தலையாட்டினார்.

இந்த ஜனவரி ஐஸ் மழை உங்களுக்கே தெரியும். மின்சாரம் போன அன்று மதியம் கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெட்டி ஆறிக்கொண்டிருக்கிறது, என்ன செய்ய என்றார். சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், உடம்புச் சூடு போதும், மேலே கோட்டைப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். அது சரியான யோசனைதான். எந்த நல்ல வளர்ப்பாளரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

பிறகு கேட்டார். "சர்ச்சுல ஜெனரேட்டர் வெச்சு ஹீட்டர் போட்டிருக்காங்களாம். பக்கத்து வீட்டுப் பையன் வண்டியோட வெளிய நிக்கறான், வாங்க வாங்கங்கறான். இதையும் சட்டைக்குள்ள வெச்சுட்டுப் போயிரட்டுமா?"

போகலாம். கோட்டுக்குள் இருந்தால் பாம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்தச் சர்ச் கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சூப்புப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி கிண்ணத்தை நீட்டுவாள், அந்தக் குளிரில், அந்தப் பசியில், இவரும் வாங்கிக் குடித்துவிடுவார். யார் கையாலும் சாப்பிடலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"வெளிய கொண்டுபோனா அது செத்துரும் ஓரின். ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்கு. வீட்லயே இருங்க. ரோடு சரியானதும் நான் வந்து சாப்பிட வெக்கறேன்" என்றேன்.

"அப்ப சரி. நீங்க சொன்னா சரி" என்றார். அந்தப் பையனிடம் போகச் சொல்லிக் கத்தியது ஃபோனில் கேட்டது. பாம்புக்கு எலி மாற்றிப் போடுங்கள் என்று அப்போதுகூட ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நானும் ஃபோனை வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார் என்றும், கோட்டைத் திறந்தபோது பாம்பு உயிரோடு நெஞ்சில் சுருண்டிருந்தது என்றும் சொன்னீர்கள். டாக்டர் குளிர் என்றுதான் எழுதுவார். அந்த உடம்பில் குளிரைத் தாங்க ஒன்றும் மிச்சமில்லை. அதை மிச்சமில்லாமல் செய்தது நான். பாம்பைப் பட்டினி போட்டு அவரைப் பட்டினி போட்டேன், வெளியே போக இருந்தவரை வீட்டிலேயே இருக்கவும் சொன்னேன். இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் தனியாக, ஆதரவில்லாமல் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள், டெபுடி. தங்கை வரவில்லை, ஊரார் வரவில்லை, எல்லாம் சரி. அவருக்கு நான் இருந்தேன்.