ரிப்காம்மாவின் வெள்ளிக்கிழமை மீன்

சங்கு ஊதுகிறது. ஓடுகிறேன். அடுப்பை அணைத்தேனா? அணைத்தேன். இல்லை, அணைக்கவில்லை. இனித் திரும்பிப் போக முடியாது. மாடிப்படிக்குக் கீழே குந்திக்கொள்கிறேன். இரண்டு கையாலும் தலையை மூடுகிறேன். விழப்போகிறது. இப்போது. இதோ இப்போது.

"அண்ணி! யம்மா அண்ணி! வெளிய வா! கரண்டு கம்பெனி சங்கு அது! ஷிப்டு வுடறான்!"

கத்துவது நாத்தனார் அஞ்சலை. இது நெட்டுக்குப்பம். எண்ணூர் ஆறு கடலில் சேருகிற இடம். இங்கே ஏவுகணை வராது. அது தெரிந்தும் ஓடினேன்.

"தெனிக்கும் ஊதற சங்குக்கு இன்னா அண்ணி இப்டி பூந்துக்கினே? எலி தோத்துது போ. அங்க மீனு தீய்ஞ்சிகினு கீது!"

அப்படியானால் அணைக்கவில்லை.

நான் தேசம்மா. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத உட்கார்ந்தால் கை வலிக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். ரிப்காம்மாவைப் பற்றி இந்தக் குப்பத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இஸ்ரேலில் ஒரு கடலோர ஊர். அங்கே ரிப்காம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. யூத அம்மா. எண்பது தாண்டியவர். இடுப்பெலும்பு உடைந்து நடை போனவர். பிறந்தது கொச்சி. சின்ன வயதில் குடும்பத்தோடு விமானம் ஏறியவர். என்னிடம் பழைய மலையாளம் பேசுவார். நான் எங்கள் ஊர்த் தமிழ் பேசுவேன். எப்படியோ புரிந்தது.

போன முதல் வாரமே தப்பு செய்தேன். ஊரிலிருந்து சென்னாக்குன்னி கொண்டுபோயிருந்தேன். காய்ந்த பொடி இறால். அவர் சட்டியில் வறுத்துவிட்டேன்.

"எடீ! எந்தா இது? என்டெ சட்டி!"

செதிலும் துடுப்பும் இல்லாத எதுவும் அவர்கள் வீட்டு அடுப்பில் ஏறக் கூடாது. இறால், நண்டு கூடாது. கணவா, சுறா, கெளுத்தி எதுவும் கூடாது. குப்பத்தில் பிறந்தவளிடம் இப்படிச் சொன்னால்? சட்டி அன்றே குப்பைக்குப் போனது. வேலை போயிற்று என்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். அவரோ சிரித்தார். கொச்சித் துறையில் அவருடைய அண்ணன் எலியாஸ் ஒளிந்து ஒளிந்து இறால் தின்பானாம். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்து அவர்கள் அம்மா அடிப்பாளாம்.

எலியாஸுக்கு யானைக்கால். குடும்பம் கிளம்பிய நேரம் அந்த நோய் உள்ளவர்களை விமானத்தில் ஏற்றவில்லை. அவனை விட்டுவிட்டுப் போனார்கள். அனுமதி வருமுன் கொச்சியிலேயே செத்துப்போனான். அவனுக்குப் பிடித்தது சுட்டுள்ளி மீன். சின்ன வெங்காயத்தைக் கருகக் கருகச் சுட வேண்டும். மிளகாய், மஞ்சள், மல்லித்தழை, கொஞ்சம் வினிகர் சேர்த்து அம்மியில் அரைத்து மீனில் அப்ப வேண்டும். பிறகு சின்னத் தீயில் இரண்டு பக்கமும் வாட்ட வேண்டும். வெள்ளிதோறும் அவர்கள் அம்மா இதைச் செய்து, தலைத் துண்டைத் தனித் தட்டில் வைப்பாளாம். யாரும் தொடக் கூடாது. அவளுக்குப் பிறகு ரிப்காம்மா வைத்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு நான் வைத்தேன்.

வெள்ளி பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள். மறுநாள் இருட்டும்வரை நெருப்பு மூட்டக் கூடாது. அதற்கு முன் எல்லாம் வெந்து சூட்டுத் தகட்டில் ஏறிவிட வேண்டும்.

ஜூன் மாதம். வெள்ளிக்கிழமை. இரானோடு சண்டை நடக்கிறது. மீன் மடவை. அவர் திருத என்பார். மசாலா அப்பியாயிற்று. அடுப்பு மூட்டுகிறேன். போன் அலறுகிறது. முதலில் போன் அலறும். பிறகு ஊர் சைரன் ஏறி ஏறி இறங்கும். பிறகு வானத்தில் டும். தூரம் என்றால் டும் மட்டும். பக்கம் என்றால் சத்தத்துக்கு முன்னால் கதவு ஆடும்.

அணைத்தேன். அவரை முதுகில் தூக்கினேன். மீன்கூடை சுமந்த உடம்புதான். ஆனால் மீன் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. இரண்டு மாடி இறங்கி நிலவறை. மேல்வீட்டு ரஷ்யக் கிழவர் முன்னால் இறங்கிக்கொண்டே கத்தினார்.

"மஹேர்! மஹேர்!"

சீக்கிரம் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் இருந்தோம். ஏறினோம். மூட்டினேன். மறுபடி போன். அணைத்தேன். இறங்கினோம். ஏறினோம். மீன் ஒரு பக்கம்கூட வேகவில்லை. ஜன்னலில் வெயில் சிவந்துவிட்டது.

மூன்றாவது முறை அவர் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போடீ! ஞான் வரில்ல. சூரியன் போகுந்நு."

"வா எம்மா! செத்துருவோம்!"

"மீன் வெந்திட்டில்ல!"

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எலும்பு விரல்கள். உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து பிரித்தேன். தூக்கினேன். கடைசிப் படி வளைவு. கதவு ஆடியது. சத்தத்துக்கு முன்னால்.

பிறகு சத்தமே இல்லை. வெள்ளைப் புழுதி. வாய் நிறைய சுண்ணாம்பு. அவர் என் மடியில். ரத்தம் இல்லை. தேடினேன், எங்குமே இல்லை. பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். என் இடது காதோடு வாயை வைத்தார்.

"மீன் கரிஞ்ஞோ?"

"இல்லம்மா. அணைச்சிட்டேன்."

மேலே பார்த்தேன். சமையலறை இல்லை. அந்த இடத்தில் வானம். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் கை குளிர்ந்திருந்தது. உள்ளுக்குள் கிழிந்துவிட்டதாம்.

வேறு நாட்டிலிருக்கும் மகள் அடக்கத்துக்கு வந்தாள். கடைசியாக அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளை அடுப்பண்டை விட்டதே இல்லையாம். போன வாரம் போனில் கேட்டாள். அந்த மீனைச் செய்து படம் பிடித்து அனுப்புவாயா? அனுப்புகிறேன் என்றேன். அதற்காகத்தான் இன்று அடுப்பு மூட்டினேன்.

சட்டியைப் பார்க்கிறேன். ஒரு பக்கம் கரி. மறுபக்கம் பச்சை. அஞ்சலை ஓரத்தில் கிள்ளி வாயில் போடுகிறாள்.

"த்தூ! மண்ணெண்ண நாத்தம் அண்ணி. ஆத்து மீனா வாங்குனே? காசிமேட்டுல வாங்கினு வான்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னாள். ஆற்றில் எண்ணெய் படர்ந்ததிலிருந்து மீனில் அந்த வாடை. கரி, பச்சை, வாடை. இதைப் படம் பிடித்து என்ன அனுப்புவது? போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

போனவர்களைச் சொல்லிவிடுகிறேன். ரிப்காம்மா. ரஷ்யக் கிழவர், நிலவறை வாசல்வரை வந்தவர், மனைவி பின்னால் வரவில்லை என்று திரும்ப ஏறினார். அந்த மனைவி. ஆக மூன்று பேர். எலியாஸின் போட்டோ, இருந்தது ஒன்றுதான், சுவரோடு போயிற்று. கொச்சியிலிருந்து வந்த அம்மி. என் வலது காது. என்னை எடீ என்று கூப்பிட்ட ஒரே வாய். எங்கள் ஆற்று மடவை. இன்றைய மீன், நான்கு துண்டு. பூனைக்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.