கை வைக்காதபோது மினுங்கும் விளக்கு

கணினியை அணைக்காமல் எழுந்து போவதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் போவார்கள், நானும் போயிருக்கிறேன். திரை இருண்ட பிறகும் அது தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மணி சரியா என்று எங்கோ இருக்கும் ஒரு கணினியைக் கேட்கும். புதிதாக எதையாவது சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று விசாரிக்கும். மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். கடையைச் சாத்திவிட்டுப் போன பிறகும் உள்ளே குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைப்போல. கணினி இணைப்புகளைக் கவனித்துக்கொள்வதுதான் அங்கே என் வேலை. எத்தனையோ பேருக்கு இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். கணக்குப் பிரிவுப் பெரியவர் ஒருமுறை முகம் வெளிறிப்போய் வந்தார், யாரோ தன் கணினிக்குள் இருந்துகொண்டு வெளியே ஏதோ அனுப்புகிறார்கள் என்று. உட்காரவைத்துத் தாளில் படம் போட்டுக் காட்டினேன். "இப்பத்தாம்மா எனக்கு உயிரே வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் நாத்தனாருக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. அவர் எப்படி இறந்தார் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். விவரமாகச் சொல்லச் சொல்கிறீர்கள், சொல்கிறேன்.

அவர் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டின் மாடி அறையில் இருந்தார். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில். பதிப்பகத்திலிருந்து பக்கங்கள் கணினியில் வரும், திருத்தித் திருப்பி அனுப்புவார். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. என் கணவர் அவரைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார். அதில் அவருக்குப் பெருமைதான்.

முதலில் கேட்ட நாள் நினைவிருக்கிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்து, கூடத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டியின் முன்னால் நின்றார். பால் பொங்கிவிடுமோ என்று அடுப்படியில் நிற்பவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றார். பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நான் கையே வைக்கலை. சும்மா கிடக்கு. இது யாரோட பேசிட்டிருக்கு?"

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. குளிர்பெட்டி உதாரணம்கூட வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் பயத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"யாரோடயோ பேசுதுதான் அண்ணி" என்றேன். "நீங்க எதுவும் பண்ணலையே?"

அவ்வளவுதான் சொன்னேன். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அலமாரிக் கதவைச் சாத்தும்போது என் கை லேசாக இருப்பதை உணர்ந்தேன். பல வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்ததுபோல இருந்தது.

எதைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிதில் என் நாத்தனாருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்ததில்லை. கொடியில் காயும் என் துணியை வைத்தே எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொல்லிவிடுவார். மருந்துக்கடைப் பையை நான் பிரிக்கும் முன்பே உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு என் தங்கையிடம் போனில் அழுதேன். கட்டிக்கிட்டவரை எனக்குப் பிடிக்கலை என்று சொன்னேன். அன்று சாப்பிடும்போது, என் கணவரும் பக்கத்தில் இருக்க, நாத்தனார் என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிடிக்கலைன்னு சொல்றது தப்பும்மா. இன்னும் பழகலைன்னு சொல்லணும்."

"எது பிடிக்கலையாம்?" என்று என் கணவர் நிமிர்ந்தார்.

"நம்ம வீட்டுத் தண்ணிதான். வேறென்ன?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டதை யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே வைத்துக்கொண்டார். அவர் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தால் போதும் அவருக்கு. அதற்குப் பிறகு நான் தனியாக இருக்கும்போதும் தனியாக இருந்ததில்லை. யோசிக்கும்போதுகூட வாக்கியத்தைத் திருத்தித்தான் யோசித்தேன்.

ஆகவே, அவர் இரண்டாம் முறை கேட்டபோது உதவி செய்தேன். கணினியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றையும் வரிசையாகக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டுக்கொடுத்தேன். நல்ல மென்பொருள், நாங்களே அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அது எல்லாவற்றையும் எண்களாகக் காட்டும். வாழ்நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து, எது சரி எது பிழை என்று ஒரே பார்வையில் சொன்னவர் அந்த எண்களின் முன்னால் உட்கார்ந்தார். நிமிஷத்துக்கு நிமிஷம் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. அவரால் ஒன்றையும் அடிக்க முடியவில்லை, சுழிக்க முடியவில்லை.

"இது யாரோட எண்ணு?"

"வெளிநாட்டுது மாதிரி இருக்கு அண்ணி."

அதுவும் உண்மைதான். மணி சரியா என்று கேட்கிறதே, எங்கோ இருக்கும் அந்தக் கணினியின் எண் அது.

காமிராக் கண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தார். என் கணவருக்கு ஒரே சிரிப்பு. "அக்கா, உன்னை வேவு பாத்து அவனுக்கு என்ன கிடைக்கப்போகுது? நாலு கால்புள்ளியா?" என்பார். நாத்தனார் முகம் சுருங்கும். அப்புறம் ஒருநாள் என் கணவர் சிரிப்பை விட்டுவிட்டு என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நீ இதுலயே வேலை பாக்குறவ. ஒண்ணும் இல்லைன்னு அவ மண்டையில ஏர்றமாதிரி சொல்லேன்."

"சொல்லாம இருப்பேனா? தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறாங்க."

நான் சொன்ன முதல் பொய் அது என்று குறித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

நாத்தனார் தன் கணினியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டதால் பக்கங்கள் வருவது நின்றது. பதிப்பகத்தில் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அவர் தோழி ஒருத்தி வாரம் தவறாமல் போனில் பேசுவாள். போன் அரிசிக்குள் கிடந்ததால் அவளும் ஓய்ந்துவிட்டாள். நாத்தனார் என்னிடம் மட்டும் பேசினார். என் காதோடு பேசினார், சுவருக்குக் கேட்காமல். நான் அலுவலகத்திலிருந்து வரும் நேரத்துக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர்மேல் கனிவு வந்தது. உண்மையாகவே வந்தது. அவருக்குப் பிடித்ததைச் சமைத்தேன், தலை வாரிவிட்டேன். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக என்றுமே இருந்ததில்லை.

ஒருநாள் தலை வாரும்போது சொன்னார்: "யாரோ பாத்துட்டே இருக்காங்கன்னா உடம்பு எப்படிக் கூசுது தெரியுமாம்மா? குளிக்கப் போனாக்கூட..."

"தெரியும் அண்ணி" என்றேன். சிக்கை மெதுவாகப் பிரித்தேன், வலிக்காமல்.

இனி நீங்கள் கேட்ட இன்னொரு பெட்டி. அவர் இதயத்தில் கோளாறு இருந்தது. துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சுக்குள் சின்னக் கருவி ஒன்று பொருத்தியிருந்தார்கள். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கட்டிலின் பக்கத்தில் ஒரு பெட்டி. அவர் தூங்கும்போது பெட்டி கருவியைக் கேட்டு, கிடைத்த அளவுகளை எங்கள் வீட்டு இணைப்பு வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இணைப்புப் பெட்டியை அவர் அணைக்கச் சொன்னபோதெல்லாம், என் கணவருக்கு வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஓடவிட்டு வைத்திருந்தேன். இதற்காகத்தான். அதை நீங்கள் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், என் கணவர் வெளியே போயிருந்தார். நாத்தனார் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஒயர் பின்னால் படிப்படியாக இழுபட்டு வந்தது.

"இதுவும் அனுப்புதா?"

"ஆமா அண்ணி."

"எப்ப?"

"நீங்க தூங்கும்போது."

"என்னத்தை?"

"உங்க நெஞ்சு அடிக்கிறதை."

அவர் உதடு உலர்ந்திருந்தது. "யாருக்கு?"

"ஆஸ்பத்திரிக்குன்னுதான் சொல்றாங்க."

சொல்கிறார்கள் என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது தானாக வந்து விழவில்லை. தேர்ந்தெடுத்துத்தான் வைத்தேன். அவர் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, ஒயரைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டார். "நெஞ்சுக்குள்ள இருக்கிறதையுமா பாக்கணும் அவங்களுக்கு?" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உன்னை ரொம்பப் படுத்தியிருக்கேன்ல? குழாய் ஓடினாலும் எனக்குக் கேக்கும். கதவுல காதை வச்சுட்டு நிப்பேன். அப்ப அது பெரிசாத் தெரியலை. இப்பத்தான் தெரியுது எப்படி இருந்திருக்கும்னு. என்னை மன்னிச்சிரும்மா."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் சொன்ன உடனே எல்லாவற்றையும் விளக்கி, பெட்டியை எடுத்துப்போய்க் கட்டில் பக்கத்தில் மாட்டிவிடுவேன் என்று என்னிடமே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. பாதியில் எழுப்பிவிட்டதுபோல இருந்தது. கையை விடுவித்துக்கொண்டேன்.

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் அண்ணி. காபி போடட்டுமா?"

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு எனக்குத்தான் வந்தது. கருவி சம்பந்தமானதெல்லாம் எனக்குப் புரியும் என்று நாத்தனாரே என் எண்ணைக் கொடுத்திருந்தார். நீங்கள் போட்டுக் காட்டிய ஒலிப்பதிவில் இருப்பது என் குரல்தான். பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லையே என்று அந்த நர்ஸ் கேட்டாள். வெளியூர் போயிருக்கிறார், பெட்டியை எடுத்துப்போகவில்லை, வந்ததும் மாட்டிவிடுகிறோம் என்றேன். குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது அழைப்பில் அவள் அவசரமாகப் பேசினாள். "அக்கா, கடைசியா வந்த அளவை டாக்டர் பாத்தார். கருவியிலேர்ந்து இதயத்துக்குப் போற கம்பில பழுது மாதிரி இருக்காம். எந்த ஊர்ல இருந்தாலும் உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. தள்ளிப்போட வேணாம்."

"சொல்லிடறேன்மா. ரொம்ப நன்றி" என்றேன்.

சொல்லவில்லை. அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலை சுற்றுகிறது என்றார். வெயில் என்றேன். கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். சரியாகத் தூங்காததால் என்றேன். என் தோளில் சாய்ந்துகொண்டார். நீங்கள் கேட்டீர்கள், அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று. அப்படி நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் இறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தோளைக் கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசிக்குள் போய்விட்டார். நான் வேலையில் இருந்தேன். என் கணவர்தான் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். சுவரைப் பார்த்துத் திருப்பிப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தாராம். என் கணவர் குழந்தைபோல அழுதார். "பயந்து பயந்தே செத்துட்டா. நான் வேற கேலி பண்ணிட்டேன். நம்மள்ல ஒருத்தர் அவமேல ஒரு கண்ணு வச்சிருந்தா போதுமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவினேன். நீங்கள் ஒலிப்பதிவோடு வரும்வரை இந்த வீட்டில் அவருக்கு ஆறுதல் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

கேட்க மறந்திருப்பீர்கள், நானே சொல்கிறேன். வீட்டு இணைப்பில் என்னென்ன ஓடுகிறது என்று என் அலுவலக மேஜையிலிருந்தே பார்க்கலாம். தொழில் பழக்கம், வேறொன்றும் இல்லை. அவர் எப்போது விழித்தார், எத்தனை மணிக்குக் கணினியைத் திறந்தார், எப்போது பயந்து மூடினார் என்பதெல்லாம் அதில் தெரியும். வேலை நடுவே அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். முதலில் அவர் கணினி அந்தத் திரையிலிருந்து மறைந்தது, பிறகு போன், கடைசியாக அந்தப் பெட்டி. பெட்டி மறைந்த பிறகும் அந்த இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தினமும் சாப்பிட்டேன். அங்கே ஒன்றும் இல்லாமல் இருப்பதைப் பார்க்க மனசுக்கு இதமாக இருந்தது.

நான் செய்தது கொலை என்று நீங்கள் எழுதினால் மறுக்கமாட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் எனக்குச் செய்ததை நான் ஒருநாளும் அவருக்குச் செய்யவில்லை. அவருடைய மின்னஞ்சலைத் திறந்ததில்லை, அவர் கதவில் காதை வைத்ததில்லை. அடுத்தவர் அந்தரங்கத்தை எட்டிப் பார்ப்பது என்னால் முடியாத காரியம்.